காந்தச் சுருளும் மஞ்சள் கயிறும்

மருந்தைக் கொழுப்புக்குள் அடைத்து வைத்து, வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் மட்டும் காந்தத்தால் அதைத் திறந்துவிடப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். 'பார்ப்பது' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

பஸ் நிறுத்தத்திலோ, ஆஸ்பத்திரி நாற்காலியிலோ, டெலிபோன் பக்கத்திலோ உட்கார்ந்து காத்துக் காத்து இடுப்பு பிடித்துக்கொண்ட அன்பர்களே, நானும் உங்கள் கட்சிதான். நீங்கள் இலவசமாகக் காத்திருந்தீர்கள், எனக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் கோலாலம்பூருக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் லேப் அசிஸ்டண்ட் வேலை எனக்கு. வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில் சத்தம் கேட்கும் ஒரு ஃப்ளாட். என் கணவர் குணா சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன். கல்யாணம் ஆனதிலிருந்து 'இன்னும் ஒரே ஒரு காண்டிராக்ட்' என்று சொல்லிச் சொல்லியே கடலில் இருந்தார். அவர் கிள்ளான் துறைமுகத்தில் இறங்க வேண்டும், மறுபடி ஏறக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதை அக்கம்பக்கத்தில் சொன்னேன், சாமியிடம் சொன்னேன், அவரிடம் மட்டும் சொன்னதில்லை. அவர் ஃபோனில் கேட்கும்போதெல்லாம் "பரவாயில்ல, முடிச்சிட்டே வாங்க" என்று நல்ல பெண்டாட்டி மாதிரி பதில் சொல்லிவிட்டு, வைத்த பிறகு ரிசீவரை முறைத்துக்கொண்டு நிற்பேன்.

கறுப்புத் தண்ணீர்

இன்றைக்கு நானோ நானோ என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்களுக்கு அது கறுப்புத் தண்ணீர். இரும்பு உப்புகளைக் கரைத்து அம்மோனியாவை ஊற்றினால் தேநீர் நிறத்தில் இருந்த தண்ணீர் சட்டென்று மை மாதிரி கறுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகள்கள்தான் அந்தக் கறுப்பு. அவற்றோடு மருந்தையும் சேர்த்துக் கொழுப்பில் கலந்து மிக நுண்ணிய உருண்டைகளாக ஆக்குவோம். மருந்து விலை அதிகம் என்பதால் சோதனைக்கு உள்ளே வைத்தது வெறும் சிவப்புச் சாயம். இந்த உருண்டைகளை ஒரு செம்புச் சுருளுக்குள் வைத்து மின்சாரத்தைப் பாய்ச்சுவோம். கண்மூடித் திறப்பதற்குள் அந்தக் காந்தம் எண்ண முடியாத தடவை முன்னும் பின்னும் திசை மாறும். துகள்கள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் சூடேறும், கொழுப்பு உருகும், சாயம் வெளியே வரும். தண்ணீர் சிவந்தால் எங்களுக்கு ஜெயம்.

ஒரு நாள் புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் இப்படி மருந்தைத் திறந்துவிடலாம், மற்ற உடம்பு தப்பிக்கும் என்பது எங்கள் கனவு. குணா ஒரே ஒரு இரவு வீட்டுக்கு வந்திருந்தபோது இதையெல்லாம் ஆசையாகச் சொன்னேன். என் தலைமுடியில் அம்மோனியா வாடை அடிக்கிறதென்று மூக்கைச் சுளித்தாரே தவிர, தள்ளிப் படுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இரும்பச் சூடாக்குறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க? எங்க கப்பல்ல அது சும்மாவே சூடாகுதுலா!"

கொழுப்புப் பஞ்சாயத்து

முதலில் உருண்டை செய்ய ஜெலட்டின்தான் என்று முடிவு. வந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பன்றி. என்னோடு வேலை செய்த ரொஹானி அக்கா அதைத் தொட மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்த டப்பா மாடு. இப்போது கையைக் கட்டிக்கொள்வது என் முறை. "நாளைக்கு இது ஆளுங்க உடம்புக்குள்ள போற மருந்து, எங்க ஆளுங்க கேப்பாங்க" என்றேன். எங்கள் தலைவி டாக்டர் லிம், இரண்டு டப்பாவையும் இரண்டு மதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது செம்பனை, பாமாயில் தருகிற அதே மரம். டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய் ஆலையில் செம்பனைக் கொழுப்பைப் பிரித்து வைத்திருந்தார்கள். உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் மேலே போனால்தான் உருகும் வகை அது. எங்களுக்காகவே கடவுள் செய்தது போல் இருந்தது. ஒரு வாளி கேட்டேன். எதற்கு என்று கேட்ட ஆலைக்காரத் தம்பியிடம் புற்றுநோய் மருந்து என்று பெருமையாகச் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அக்கா, இத நாங்க பிஸ்கட்டுக்குத்தானே குடுக்குறோம்?"

பத்துமலை நெரிசல்

உருண்டைகளை நல்ல உருப்பெருக்கியில் பார்க்க வேறொரு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எங்கள் வேனில் ஏர்கோன் வேலை செய்யாது. போன நாளோ தைப்பூசத்துக்கு முதல் நாள். பத்துமலைச் சாலையில் வண்டி நின்றது நின்றதுதான். குப்பி என் மடியில் இருந்தது. என் கண் மட்டும் குப்பியில் இல்லை.

ரோட்டோரமாக ஒரு கணவனும் மனைவியும் கரும்பில் மஞ்சள் துணியைக் கட்டித் தொட்டிலாக்கி, பிள்ளையை அதில் போட்டு, ஆளுக்கு ஒரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது, அதற்கு நன்றிக்கடன். முன்னால் போனவர் வேகமாக நடக்க, பின்னால் வந்தவள் "மெதுவா போங்களேன்" என்று அதட்டினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. தொட்டிலைக்கூட விடுங்கள். அதட்டுவதற்கு முன்னால் ஒரு முதுகு நடந்து போகிறதே, அந்தப் பாக்கியத்தை நினைத்துத்தான். குனிந்து பார்த்தபோது குப்பியில் தண்ணீர் செக்கச் செவேலென்று இருந்தது. வெயிலில் கொழுப்பெல்லாம் உருகி, ஒரு மாத வேலை வழிந்துவிட்டது. வேன் ஓட்டிய அங்கிள் எட்டிப் பார்த்து மனதார வியந்தார்: "காந்தம் எதுக்கும்மா? வெயில்லயே வருதே!"

சுருளின் வாயில்

மின்சாரம் ஓடும்போது சுருளின் பக்கத்தில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. துகள்களைச் சூடாக்கும் காந்தம் வளையலை மட்டும் விட்டுவிடுமா? இது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் தாலியை நான் உலோகம் என்று நினைத்ததே இல்லை. தண்ணீர் சிவக்கிறதா என்று குனிந்து எட்டிப் பார்த்தேன். ரவிக்கைக்குள் இருந்த சங்கிலி நழுவி, தாலி நேராகச் சுருளின் வாய்க்குள் தொங்கியது. அது சுடத் தொடங்கியதும் நான் அலறிய அலறலில் ரொஹானி அக்கா கையிலிருந்த கண்ணாடிக் குடுவை உடைந்தது.

மறுநாளே கதவில் போர்டு வந்துவிட்டது. கடிகாரம், மோதிரம், வளையல், சங்கிலி, எல்லாம் வெளியே. ரொஹானி அக்கா வளையலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் கதவுக்கு வெளியே கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடலில் இருக்கிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். படித்த பெண்தான், பயம் படித்திருக்கவில்லை. டாக்டர் லிம் வெளியே வந்து என் தோளில் கை வைத்தார். "சரஸ், உன் கல்யாணத்துக்கு நான் எதிரி இல்ல. அந்தத் தங்கத்துக்கு மட்டும்தான்."

புதுக் கயிறு

தங்கம் கழுத்தில் இல்லாதபோது மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொள்வது நம் வழக்கம்தானே. கயிற்றைக் காந்தம் ஒன்றும் செய்யாது. தாலியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, கண்ணாடி முன் நின்று எனக்கு நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். கை பின்னால் சரியாக எட்டவில்லை. கட்ட வேண்டிய கை எந்தக் கடலில் எந்த ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்ததோ.

புதுக் கயிறு என்பதால் மஞ்சள் பளிச்சென்று கழுத்திலும் சட்டைக் காலரிலும் ஒட்டியது. மாலையில் பிரிக்பீல்ட்ஸ் கோயில் வாசலில் பூக்கார அக்கா என் கழுத்தைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. கேட்டதைவிட ஒரு முழம் அதிகமாக மல்லிகையை வெட்டி என் கையில் திணித்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரருக்கும் கேட்கும்படி சொன்னார்: "புதுப் பொண்ணு மாதிரி இருக்கியே! தம்பி வந்துட்டாரா? எங்க கண்ணுல காட்டாம வீட்டுலயே பூட்டி வச்சிருக்கியா?"

டத்தோ வந்த நாள்

செம்பனைக் கம்பெனியிலிருந்து ஒரு டத்தோ, அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர், எங்கள் வேலையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பத்திரிகைக்காரர்கள், வீடியோக்காரர், அவர்களுடைய பெரிய விளக்குகள். அன்று காலை பார்த்துத்தானா லேப் ஃபோன் அடிக்க வேண்டும்? குணா. கப்பல் கிள்ளானில் நிற்கிறது, சாயங்காலம் கிளம்புகிறது, வெளியே வர அனுமதி இல்லை, துறைமுகக் கேட்டுக்கு வந்தால் பார்க்கலாம் என்றார். நிகழ்ச்சி முடிந்ததும் ஓடி வருகிறேன் என்றேன். அவருக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல், மதியச் சாப்பாட்டுக்கென்று கொண்டு வந்தது, பையில் இருந்தது. அதை அப்படியே அவருக்கு ஒதுக்கிவிட்டேன்.

டத்தோ வந்தார். விளக்குகளைப் போட்டார்கள். நான் குப்பியைச் சுருளுக்குள் வைத்தேன். டாக்டர் லிம் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோவதற்குள்ளேயே தண்ணீர் சிவக்கத் தொடங்கிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். விளக்குச் சூட்டில் கொழுப்பு உருகிவிட்டதென்று எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். டாக்டர் லிம் பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "மன்னிக்கணும், நாங்க இன்னும் சுவிட்சே போடல" என்றார். டத்தோ கொஞ்சமும் அசரவில்லை. "அதனால என்ன டாக்டர், வந்துருச்சுதானே? சுவிட்ச் போடாமலே வருதுன்னா இன்னும் நல்லதுலா!"

கேட்டுக்கு வெளியே

டாக்டர் லிம்முக்கு மனசு கேட்கவில்லை. விளக்குகளை அணைக்கச் சொல்லி, புதுக் குப்பியை எடுத்து, முறைப்படி மறுபடியும் செய்து காட்டினார். இந்த முறை சுவிட்ச் போட்ட பிறகுதான் சிவந்தது. அழகாகத்தான் சிவந்தது. என் கண் அதில் இல்லை, சுவரில் இருந்த கடிகாரத்தில் இருந்தது. பஸ் பிடித்து, கொமுட்டர் ரயில் பிடித்து, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறந்து மூடுவதைத் திட்டிக்கொண்டே, கடைசி ஸ்டேஷனில் இறங்கி ஓடினேன். துறைமுகக் கேட்டில் காவலுக்கு நின்ற அண்ணன் நம்ம ஆள்தான். கப்பல் பெயரைச் சொல்லி, சம்பல் டப்பாவை நீட்டினேன். அவர் டப்பாவை வாங்கவில்லை. "அந்தக் கப்பலா? கப்பல் போயிடுச்சும்மா."

கிள்ளானிலிருந்து இருவர்

டத்தோவின் படத்தோடு செய்தி தமிழ்ப் பத்திரிகையில் வந்தது. அதைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து ஒரு லோரி டிரைவர் அண்ணன் மனைவியோடு லேப் வாசலில் வந்து நின்றார். அந்த அக்காவுக்கு ஈரலில் கட்டி. சேலை உடம்பில் நிற்கவில்லை. "மிஸ், பேப்பர்ல போட்டிருக்காங்க. அந்தக் காந்தத்துல இவள ஒரு தடவ படுக்க வைங்க, போதும்" என்றார் அண்ணன். இது இன்னும் மனிதர்களுக்கு வரவில்லை, ஆஸ்பத்திரியில் தரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டர் லிம் பொறுமையாகச் சொன்னார். அண்ணன் தலையாட்டினார், ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை.

கண்ணால் பார்த்தாலாவது புரியும் என்று உள்ளே கூட்டிப்போனேன். போர்டைப் பார்த்ததும் அந்த அக்கா, கேட்காமலே, வளையல்களைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்தார்; மெலிந்த கையிலிருந்து அவை தானாகவே வந்தன. சுருளைக் காட்டினேன். என் கட்டைவிரல் நுழையும் அளவு வாய். அண்ணன் அதை வெகுநேரம் பார்த்தார். "பெருசா ஒண்ணு செய்ய முடியாதா மிஸ்? செப்புக் குழாய் நான் வாங்கித் தரேன். எவ்ளோ நீளம் வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நாங்கள் கண்ட கனவு அவ்வளவும் அன்றைக்கு எனக்குக் கசந்தது. அந்த அக்காதான் என் கையைப் பிடித்தார். "வருத்தப்படாத தங்கச்சி. இவரு லோரிய நிறுத்திட்டு இன்னிக்கு முழுக்க எங்கூடவே இருக்காருலா. எனக்கு அது போதும்."

சுவர் டெலிபோன்

லேப் ஃபோன் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. யார் பேசினாலும் எல்லாருக்கும் கேட்கும். என் நல்ல பெண்டாட்டி வேஷத்துக்கு அதுவும் ஒரு காரணம். அடுத்த முறை குணா ஏதோ ஒரு ஊரிலிருந்து காசு போட்டுப் பேசினார். "இந்த காண்டிராக்ட் முடியுது சரசு. இன்னும் ஒண்ணு போட்டா சொந்தமா ஒரு வீடு பாத்துடலாம். கையெழுத்து போட்டுடவா?"

பழக்கப்பட்ட பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கண்ணுக்கு முன்னால் அந்த அக்காவின் வளையல்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மனுஷன் வந்தார். "போடாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்கு வீடு வேணாம். நீங்கதான் வேணும். தனியா இருக்க முடியல. வாங்க." அந்தப் பக்கம் காசு விழும் சத்தம், ஏதோ இரைச்சல், அப்புறம் லைன் கட். கேட்டாரா இல்லையா தெரியவில்லை. ரிசீவரோடு நின்ற என் பக்கத்தில் வந்து ரொஹானி அக்கா தண்ணீர்க் குழாயை மூடினார். தமிழ் தெரியாதவர். மலாயில் சொன்னார்: "நீ என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாது. ஆனா இத எப்பவோ சொல்லியிருக்கணும்."

போர்டுக்கு முன்னால்

அதற்குப் பிறகு ஃபோன் வரவில்லை. சுவர் டெலிபோன் அடிக்கும்போதெல்லாம் கை ஈரத்தோடு ஓடினேன். யாரோ யாரையோ கேட்பார்கள். வீட்டில் ரயில் சத்தம் கேட்டால்கூட எழுந்து உட்கார்ந்தேன். கோபித்துக்கொண்டாரோ, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொல்லப் பயப்படுகிறாரோ என்று என்னென்னவோ நினைத்தேன். கழுத்துக் கயிற்றின் மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது.

ஒரு பிற்பகல், சுருள் ஓடிக்கொண்டிருக்கும்போது கதவுக் கண்ணாடிக்கு வெளியே ஒரு தலை தெரிந்தது. குணா. காலடியில் பெரிய பை. போர்டை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறப்பதற்குள் கடிகாரத்தைக் கழற்றியாகிவிட்டது, பெல்ட்டைக் கழற்றியாகிவிட்டது. பிறகு சட்டைக்குள் கையை விட்டு ஒரு கறுப்புக் கயிற்றை வெளியே இழுத்தார். அதில் எங்கள் கல்யாண மோதிரம் தொங்கியது. விரலில் அதைக் காணவில்லை என்று எத்தனையோ தடவை மனதுக்குள் பொருமியிருக்கிறேன். இன்ஜின் ரூமில் எலெக்ட்ரீஷியன் மோதிரம் போடக் கூடாதாம், அங்கேயும் இதே மாதிரி போர்டுதானாம். என் கழுத்துக் கயிற்றை அவர் பார்த்தார், அவர் கழுத்துக் கயிற்றை நான் பார்த்தேன். "இதையும் கழட்டணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் மோதிரத்தை மறுபடி சட்டைக்குள் போட்டுக்கொண்டு, பையின் மேல் உட்கார்ந்துகொண்டார். "அப்ப நான் வெளியவே இருக்கேன்லா. நீ மெதுவா முடிச்சிட்டு வா, அவசரமில்ல. கப்பல் போயிடுச்சு."

நாங்கள் செய்த மருந்து நான் அங்கே இருந்தவரை யார் உடம்புக்குள்ளும் போகவில்லை, அந்தக் கிள்ளான் அக்காவால் அதுவரை காத்திருக்கவும் முடியவில்லை. அத்தனை செம்புக் குழாயும் மின்சாரமும் செலவழித்த அந்த ஆய்வுக்கூடத்தில் அடைபட்டுக் கிடந்து, சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது என் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு 'வாங்க'தான்.